ஒருகால்

தாராவி, தொண்ணூறடிச் சாலைக்குப் பின்னால்
குடை விரிக்க முடியாத ஒரு சந்து.
ஜூலை மழை.
இரும்பு ஏணியின் கீழே கிப்சன் கிடக்கிறான்,
ஒரு செருப்பு காலில், ஒன்று சாக்கடையில்.
கொட்டாவியோடு வாக்மாரே சொல்கிறான்:
மழை, சாராயம், ஏணி. வேறென்ன சாப்?
எழுதி முடித்தால் எட்டரைக்கு வீடு.

ஏணியைப் பார்க்கிறேன். பதினோரு படி.
பத்துப் படியில் தண்ணீர் தன்பாட்டில் வழிகிறது.
மேலிருந்து மூன்றாவதில் மட்டும்
வழியாமல்
முத்து முத்தாக நிற்கிறது.
தொட்டு முகர்ந்தேன். நல்லெண்ணெய்.
பம்பாயில் பிறந்த மூக்குதான், ஆனாலும்
இட்லித் தட்டின் வாசம் அதற்குத் தெரியும்.

எதிர் வாசல் ஜெபக்கனியுடையது.
மருமகன் செத்துக் கிடக்கிறான்,
அவள் துணியை நனைத்துப் பிழிந்து
தட்டில் விரித்துக்கொண்டிருக்கிறாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால், சயான் ஆஸ்பத்திரி.
அவள் மகள் மெர்லின். எண்பது விழுக்காடு.
மாஜிஸ்திரேட் வரத் தாமதமாகுமென்று
மரண வாக்குமூலம் எழுதியது என் கை.
ஸ்டவ் வெடிக்கல, அவர்தான் ஊத்துனார்
என்று உதடில்லாத வாயால் சொன்னாள்.
எல்லாம் எழுதினேன்.
நேரம் என்ற கட்டத்தை விட்டுவிட்டேன்.

கோர்ட்டில் அவன் வக்கீல்
அந்த வெற்றுக் கட்டத்தை விரலால் தட்டினார்.
நினைவு தெளிவு என்று டாக்டர் எழுதியது இரண்டு ஐந்துக்கு.
மயக்க ஊசி இரண்டரைக்கு.
இவள் பேசியது அதற்கு முன்பா, பின்பா?
சந்தேகத்தின் பலன் எதிரிக்கு.
அந்தத் தீர்ப்பைப் பலமுறை படித்துவிட்டேன்.
அதில் ஒரு பிழையும் இல்லை.
பிழை என் பேனாவில்.

விடுதலையாகி அதே வீட்டுக்கு வந்தான்.
காலையில் இவளிடமே இட்லி வாங்கித் தின்றானாம்,
சில்லறை சரியாகக் கொடுப்பானாம்.

இப்போது மராத்தியில் எழுத வேண்டும்.
படலா என்றால் விழுந்தான்.
பாடலா என்றால் விழவைத்தார்கள்.
நடுவே நிற்பது ஒற்றைக் கோடு,
நம் எழுத்தில் அதற்குப் பெயர் கால்.
அந்தக் காலைப் போட்டால் இவளுக்கு ஆயுள்.
போடாவிட்டால்
அவனுடைய கால்தான், வழுக்கியது.

வாக்மாரே டீக்குப் போனான்.
கைக்குட்டையை எடுத்து
மூன்றாம் படிக்குக் கை நீட்டினேன்.

அத விடுங்க ஏட்டையா.

திரும்பினேன். கையில் கரண்டியோடு நிற்கிறாள்.

ராத்திரி ரெண்டு இருவது.
எது?
எண்ணெ தடவுன நேரம்.
நீங்க கேப்பீங்கன்னு மணி பாத்து வச்சேன்.
அவன் ஏறுனது மூணே கால், விழுந்தது மூணு பதினேழு.
உசிரு போனது எப்பன்னு எனக்குத் தெரியாது,
டாக்டரக் கேட்டு எழுதிக்கிடுங்க.
இந்தத் தடவையாவது
ஒரு கட்டமும் விடாம எழுதுங்க.

கோபமில்லை குரலில். கெஞ்சலும் இல்லை.
ரேஷன் கடையில்
அட்டையை நீட்டும் குரல்.

என்ன சொல்வது என்று தெரியாமல்
கைக்குட்டையை மடித்தேன். நாலாக, பிறகு எட்டாக.
உன்னைக் காப்பாற்றத்தான் அம்மா என்று
சொல்ல நினைத்தேன்.
காப்பாற்றுவது யாரை என்று
அவள் கேட்டுவிடுவாளோ என்று பயம்.

சந்து முனையில் எவனோ பாத்திரத்தைத் தட்டுகிறான்,
கோலிவாடா ஆர்டர், நாற்பது இட்லி.
இந்தா வந்துட்டேன் என்று அவள் மூடியைத் திறந்தாள்,
ஆவியில் முகம் போனது.

காகிதத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு
முதல் வேலையாக நேரத்தை எழுதினேன்,
நான் வந்து சேர்ந்த நேரம், காலை ஆறு பத்து.
இடம் எழுதினேன். பெயர், வயது.
ஏணி, படிகள் பதினொன்று.
கடைசி வரிக்கு வந்து
ப
போட்டாயிற்று.

வாக்மாரே டீயோடு வருகிறான்.
சாப், முடிஞ்சுதா?